வீட்டுப்பாடம் யாருடைய வீட்டுக்கு? ஓசூர் – கிருஷ்ணகிரி எல்லைப்புறத்தை முன்வைத்து

வீட்டுப்பாடம் வேண்டுமா வேண்டாமா என்று தமிழ்நாட்டில் நடந்த வாதங்கள் பெரும்பாலும் பாடத்தைப் பற்றியே நடந்திருக்கின்றன; வீட்டைப் பற்றி அதிகம் பேசியதில்லை. எவ்வளவு எழுதவைக்கலாம், எந்த வகுப்பிலிருந்து தொடங்கலாம், பை எத்தனை கிலோ இருக்கலாம் என்றுதான் நீதிமன்றமும் அரசும் கணக்குப் போட்டன. அந்தப் பாடத்தைச் சுமந்துகொண்டு பிள்ளை போய்ச் சேர்கிற வீட்டில் மாலை ஆறு மணிக்கு யார் இருக்கிறார்கள், என்ன மொழி பேசுகிறார்கள், நோட்டை விரித்து வைக்க இடம் இருக்கிறதா என்ற கேள்விகள் ஓரமாகவே நின்றுவிட்டன. ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இந்தக் கேள்விகளைத் தவிர்க்க வழியில்லை. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன். எட்டாம் வகுப்பு வரை, பெரியவர் ஒருவரின் துணையில்லாமல் முடிக்க முடியாத எந்த எழுத்துவேலையையும் பள்ளி வீட்டுக்கு அனுப்பக்கூடாது, அந்தப் பயிற்சி பள்ளி நேரத்துக்குள்ளேயே நடக்கவேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

சட்டநிலை சுருக்கமானது. 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். கிருபாகரன், 1, 2ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று உத்தரவிட்டார். அதே ஆண்டு நவம்பரில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் அதை நாடு முழுவதற்குமான சுற்றறிக்கையாக அனுப்பியது. 2020இல் வந்த பள்ளிப் பைக் கொள்கை மேல் வகுப்புகளுக்கும் அளவு சொன்னது: 3 முதல் 5ஆம் வகுப்பு வரை வாரத்துக்கு 2 மணி நேரம், 6 முதல் 8 வரை நாளுக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் நாளுக்கு 2 மணி நேரம். இந்த வரம்புகளை நான் வரவேற்கிறேன். ஆனால் ஒரு மணி நேரம் என்பது எல்லா வீட்டிலும் ஒன்றுதான் என்று இவை எடுத்துக்கொள்கின்றன. பட்டதாரித் தாய் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வீட்டில் இருபது நிமிடத்தில் முடிவது, கேட்க ஆளில்லாத வீட்டில் இரவு முழுக்க முடியாமல் கிடக்கிறது.

ஓசூரின் வீடுகளைப் பார்ப்போம். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அதன்பின் டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் என்று ஆலைகள் வந்தன. அண்மையில் டாடா எலெக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா என்று மாவட்டம் முழுக்கப் பரவிவிட்டது. ஆலையைச் சுற்றி லைன் வீடுகள். ஒரு வாரம் காலை ஷிப்ட், அடுத்த வாரம் மதிய ஷிப்ட், அதற்கடுத்த வாரம் நைட் ஷிப்ட் என்று சுழலும் வாழ்க்கையில், தந்தை வீட்டிலிருக்கும் நேரம் வாரத்துக்கு வாரம் மாறும். மதிய ஷிப்டுக்குப் போனவர் கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போது பிள்ளை தூங்கிவிட்டிருக்கும். நைட் ஷிப்ட் வாரத்தில் பகலெல்லாம் அவர் தூங்கவேண்டும்; ஒற்றை அறையில் பிள்ளை சத்தமாகப் படிக்கக்கூடாது. இப்போது பெண்களும் பெருந்திரளாக ஆலைக்குப் போகிறார்கள், சுழற்சி இரட்டிப்பாகிவிட்டது.

மொழி இன்னொரு அடுக்கு. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். எல்லைக்கு இந்தப் பக்கமும் பாகலூர், பேரிகை, தளி, தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம் வட்டாரங்களில் தலைமுறை தலைமுறையாகத் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் உண்டு. நகரங்களில் உருது உண்டு. ஆலை வேலைக்கு வந்தவர்களோடு இந்தியும் ஒடியாவும் வங்காளமும் சேர்ந்துவிட்டன. 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் தமிழை முதல் வகுப்பிலிருந்து படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்கியது. தமிழ் மண்ணில் வளரும் பிள்ளை தமிழ் கற்பது நியாயம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தமிழைக் கற்றுத்தரும் கடமை பள்ளியுடையது. வீட்டில் தமிழ் எழுத்து தெரிந்தவர் ஒருவரும் இல்லாத பிள்ளைக்கு ‘ஐந்து வாக்கியம் எழுதி வா’ என்று சொல்லி அனுப்பும்போது, அந்தக் கடமையைப் பள்ளி பிள்ளையின் தலையில் இறக்கி வைத்துவிடுகிறது.

மூக்கண்டப்பள்ளியில் ஒரு லைன் வீட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். நான்காம் வகுப்புச் சிறுமி பெருக்கல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். தாய் தளிப் பக்கத்துப் பெண், கன்னடத்தில் ஏழாவது வரை படித்தவர். “ஏழெட்டு எவ்வளவும்மா?” என்று மகள் கேட்டாள். அரிசி களைந்துகொண்டிருந்தவர் நிமிராமலே, ராகம் போட்டு, “ஏளெண்ட்ல ஐவத்தாரு” என்றார். தமிழில் வாய்ப்பாடு, கன்னடத்தில் அது ‘மக்கி’. இருபது வருடத்துக்கு முன் படித்தது நாக்கிலேயே இருந்தது. “அப்படி இல்லம்மா, டீச்சர் சொல்ற மாதிரி சொல்லு” என்றாள் மகள். தாய் ஒன்றும் சொல்லவில்லை. சிறுமி அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போனாள். விடை வீட்டுக்குள்தான் இருந்தது. ஆனால் பள்ளி கேட்ட உருவத்தில் இல்லாததால், தன் தாய்க்குக் கணக்குத் தெரியாது என்று அந்தப் பிள்ளை அன்று கற்றுக்கொண்டது.

இந்த இடைவெளியை நிரப்பச் சந்தை வந்துவிடுகிறது. லைன் வீடுகளில் பிளஸ் டூ முடித்த பெண் ஒருவர் மாலையில் பாய் விரித்துப் பத்துப் பதினைந்து பிள்ளைகளை உட்காரவைக்கிறார். ‘டியூஷன் அக்கா’ என்பார்கள். அவர் செய்வது பெரும்பாலும் கற்பித்தல் இல்லை, வீட்டுப்பாடத்தை முடித்து அனுப்புவது. பெரிய வகுப்புகளில் அந்த வேலையைக் கைடு செய்கிறது. கேள்விக்குக் கீழே பதில் அச்சாகியிருக்கிறது, பார்த்து எழுதினால் போதும். மறுநாள் ஆசிரியர் சிவப்பு மையில் போடும் ‘டிக்’, பிள்ளையின் வேலைக்கா, அக்காவின் வேலைக்கா, கைடுக்கா என்று யாராலும் சொல்ல முடியாது. டியூஷனுக்குக் காசில்லாதவன் எழுதாமல் வந்து, தண்டனையாக இம்போசிஷன் எழுதுகிறான்.

இது ஓசூருக்கு மட்டும் உரிய சங்கடம் இல்லை. 2012ஆம் ஆண்டு பிசா (PISA) என்னும் பன்னாட்டு மாணவர் மதிப்பீட்டு ஆய்வில் வளர்ந்த நாடுகளின் 15 வயது மாணவர்கள் சராசரியாக வாரத்துக்கு ஏறத்தாழ 5 மணி நேரம் வீட்டுப்பாடம் செய்தார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள் வசதியற்றவர்களைவிட ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் அதிகம் செய்தார்கள். வீட்டுப்பாடம் படிப்பை உயர்த்துமா என்ற கேள்வியில் அதிகம் எடுத்துக்காட்டப்படும், ஆய்வாளர் ஹாரிஸ் கூப்பரின் 2006ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வும் ஏழாம் வகுப்பு முதல்தான் தெளிவான தொடர்பைக் கண்டது. அதற்குக் கீழே தொடர்பு மெலிந்துவிடுகிறது. அதாவது பயன் குறைவாக உள்ள வயதில்தான் வீட்டுத் துணை அதிகம் தேவைப்படுகிறது.

இந்த மண்ணில் வீட்டையும் பள்ளியையும் பற்றி இதைவிடக் கூர்மையான வாதம் ஒன்று முன்பே நடந்திருக்கிறது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி, சென்னை மாநில முதலமைச்சராக 1953இல் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் கிராமப் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் 3 மணி நேரம் மட்டும் பள்ளி. மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழிலோடு. இரண்டு நேரமுறையாகப் பள்ளி நடந்தால் இருக்கிற கட்டடத்திலும் ஆசிரியர்களைக் கொண்டும் கூடுதல் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அதன் ஒரு நியாயம். பெரியாரும் திராவிட இயக்கமும் அதைக் குலக்கல்வி என்று எதிர்த்தார்கள். 1954இல் ராஜாஜி பதவி விலகினார். காமராசர் முதல்வரானார்; அந்த ஆண்டு மே மாதமே திட்டம் கைவிடப்பட்டது. வீடு என்பது எல்லாருக்கும் ஒன்றல்ல, வீட்டைக் கல்விக்கூடமாக்கினால் பிறப்பின் வேறுபாடு பாடத்தின் வேறுபாடாகிவிடும் என்பதே அந்த எதிர்ப்பின் உயிர்நாடி.

குலக்கல்வியோடு வீட்டுப்பாடத்தை ஒப்பிடுவது மிகை என்று சிலர் சொல்லக்கூடும். வேறுபாடு உண்டு, ஏற்கிறேன். அந்தத் திட்டம் தகப்பன் தொழிலைப் பிள்ளைக்கு வெளிப்படையாகவே கொடுத்தது; வீட்டுப்பாடத்துக்கு அப்படி ஒரு நோக்கம் இல்லை. ஆனால் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: கல்வியின் ஒரு பங்கை வீடு கொடுக்கும் என்ற எதிர்பார்ப்பு. 1954இல் நாம் அதை மறுத்தோம். ஆலைத் தொழிலாளியின் மகள் வெற்றுக் கட்டத்தோடும், பொறியாளரின் மகன் முழுநோட்டோடும் ஒரே வகுப்புக்கு வரும்போது, மறுத்ததையே வேறு வழியில் உள்ளே விட்டிருக்கிறோம். வழி மாறியதால் விளைவு மாறவில்லை.

உணவில் நாம் இந்தத் தவறைச் செய்யவில்லை. காமராசர் 1956இல் மதிய உணவைத் தொடங்கினார். எம்.ஜி.ஆர். 1982இல் அதைச் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவும் தொடங்கியது. பசியோடு வரும் பிள்ளையிடம் ‘வீட்டில் ஏன் சாப்பிடவில்லை’ என்று தமிழ்நாடு கேட்கவில்லை. காலையில் அடுப்பு எரியாத வீடுகள் உண்டு என்று தெரிந்து அரசே அடுப்பு மூட்டியது. காலை ஷிப்டுக்கு விடியுமுன் கிளம்பும் தாய்க்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை இந்த ஊர்களில் கண்ணால் காணலாம். வயிற்றுக்குச் செய்ததை வாய்ப்பாட்டுக்கும் செய்யலாம் என்றே சொல்கிறேன்.

எதிர்வாதங்களில் எனக்கு மிகவும் கனமாகப் படுவது பெற்றோரிடமிருந்து வருவது. “ஹோம் ஒர்க்கே தராத ஸ்கூல் என்ன ஸ்கூல் சார்?” என்று ஷிப்ட் முடிந்து வந்த ஒரு தந்தை என்னிடம் கேட்டார். அவரைப் பொறுத்தவரை அந்த நோட்டுதான் பள்ளிக்குள் எட்டிப்பார்க்கக் கிடைத்த ஒரே ஜன்னல். பெற்றோர் கூட்டம் நடக்கும் பகல் நேரத்தில் அவர் ஆலையில் இருக்கிறார்; போனாலும் மொழி தடுக்கிறது. அந்த ஏக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்கு மருந்து கூட்ட நேரத்தை ஷிப்டுக்கு ஏற்ப மாற்றுவதும், வகுப்பு நோட்டை வாரம் ஒருமுறை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதும்தான். தந்தைக்கு ஜன்னல் வேண்டுமென்று மகளுக்குப் பாரம் ஏற்றத் தேவையில்லை.

பயிற்சி இல்லாமல் கணக்கு வராது என்ற வாதம் முழுக்கச் சரி. எங்கே பயிற்சி என்பதுதான் கேள்வி. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 1 முதல் 5 வரை ஆண்டுக்கு 800 மணி நேரமும், 6 முதல் 8 வரை 1,000 மணி நேரமும் கற்பித்தல் நடக்கவேண்டும் என்கிறது. அதன் 24ஆம் பிரிவு, ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டுத் தேவையான கூடுதல் பயிற்சியைத் தருவதை ஆசிரியரின் கடமையாக வைக்கிறது. கூடுதல் பயிற்சிக்குச் சட்டம் காட்டும் ஆள் ஆசிரியர். தாயோ டியூஷன் அக்காவோ இல்லை. கடைசிப் பாடவேளையை எழுத்துப் பயிற்சிக்கென்று ஒதுக்கி, ஆசிரியர் வரிசைக்கு வரிசை நடந்து பார்த்தால், தவறு அங்கேயே, ஈரம் காயுமுன் திருத்தப்படும். பிரான்ஸ் 2017 நவம்பரில் நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய திட்டம் இந்த வழியில்தான் போகிறது: வீட்டுப்பாடத்தைப் பள்ளி வளாகத்திலேயே, பெரியவர் துணையோடு, கட்டணமின்றி முடித்துவிட்டுப் போவது.

தமிழ்நாட்டிடம் இதற்கு ஒரு சட்டகம் ஏற்கெனவே உண்டு. கொரோனாவுக்குப் பின் 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, மாலையில் தன்னார்வலரைப் பிள்ளைகள் இருக்கும் தெருவுக்கே அனுப்பியது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் நிரந்தர ஏற்பாடு நிற்காது; அதை நம்பி ஆசிரியர் பணியிடங்களைக் காலியாக விடுவதும் தவறு. ஆனால் இந்த எல்லைப்புறத்தில் தெலுங்கும் கன்னடமும் உருதும் தெரிந்த பெண்களை முறையான ஊதியத்தோடு பள்ளியின் மாலை நேரத்துக்கு அமர்த்த அந்த அனுபவம் வழிகாட்டும்.

பிள்ளை வீட்டுக்கு ஒன்றுமே கொண்டுபோகக் கூடாதா? போகலாம். உ.வே. சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ நூலில் தம் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தை விவரிக்கிறார். மாலையில் உபாத்தியாயர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயர், ஒரு பறவையின் பெயர், ஓர் ஊரின் பெயர் என்று சொல்லி அனுப்புவார்; மறுநாள் மறக்காமல் வந்து சொல்லவேண்டும். நோட்டில்லை, துணை தேவையில்லை, ஏழை பணக்காரன் வேறுபாடு அதில் நுழைய இடமில்லை. இன்றைய ஓசூர் ஆசிரியர் ஒருவர், ‘உங்கள் வீட்டில் ஏழாம் வாய்ப்பாட்டை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு வா’ என்று சொல்லி அனுப்பலாம். தெலுங்கில் ஒருவன், உருதுவில் ஒருத்தி, கன்னடத்தில் மூக்கண்டப்பள்ளிச் சிறுமி என்று மறுநாள் வகுப்பில் சொல்லட்டும்.

பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் வேறு. அங்கே தனியாக உட்கார்ந்து படிக்கும் பழக்கம் வேண்டும்; அதற்கு வீட்டுவேலை கொடுப்பதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் ஒற்றை அறையில் தந்தை தூங்கும் வீட்டுப் பிள்ளைக்கு அந்த உட்காருமிடத்தையும் பள்ளியே தரவேண்டும்: ஏழு மணி வரை திறந்திருக்கும் ஒரு வகுப்பறை, விளக்கு, ஓர் ஆசிரியர், அது முடிந்தபின் அஞ்செட்டிக்கும் தளிக்கும் போக ஒரு பஸ். இதில் பஸ்தான் கடினம்.