மக்ரான் கரையின் பென்ஜு

பாகிஸ்தானின் தென்மேற்கிலிருந்து ஈரானின் தென்கிழக்கு வரை நீளும் மக்ரான் கடற்கரையில், பலூச் மக்களின் இசையை நெடுங்காலமாகத் தாங்கி நின்றவை வில்லால் இசைக்கப்படும் சுரோஸ் என்னும் கருவியும், தாளக்கட்டுக்காக மீட்டப்படும் நீண்ட கழுத்துடைய தம்பூரக்கும் ஆகும். இவ்விரண்டோடு இருபதாம் நூற்றாண்டில் வந்து சேர்ந்து, இன்று அவற்றுக்குச் சமமான இடத்தைப் பெற்றிருப்பது பென்ஜு. 1912இல் ஜப்பானின் நகோயா நகரில் மொரிட்டா கொரோ என்பவர், தட்டச்சுப்பொறியின் விசைகளைப் போன்ற விசைகளைக் கம்பிகளின்மேல் பொருத்தி உருவாக்கிய தைஷோகோட்டோவே இதன் மூலம். வீடுகளில் எளிதாகப் பயில்வதற்கென்று அமைந்த அக்கருவி இந்தியாவில் புல்புல்தரங் என்று பெயர் பெற்றது. பலூச் கலைஞர்களோ அதை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்துக்குப் பெரிதாக்கித் தங்கள் இசைக்கு ஏற்றதாக மாற்றிக்கொண்டனர்.

பென்ஜுவில் இடக்கை விசைகளை அழுத்த, வலக்கை மீட்டுகோலால் கம்பிகளைத் தட்டுகிறது. நடுக்கம்பிகள் பண்ணைப் பாட, இருபுறக் கம்பிகள் ஓயாமல் சுருதி கூட்டுகின்றன. சிக்கல் விசையில்தான் இருக்கிறது. விசை அழுத்தும் இடத்தில் சுரம் நிலைத்து நின்றுவிடும். ஆனால் பிரிவின் ஏக்கத்தைப் பாடும் சஹீரோக் என்னும் பலூச் பண்வகையோ, ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு இழைந்து செல்வதையே உயிராகக் கொண்டது. வில்லேந்திய சுரோஸுக்கு அது இயல்பாகவே கைவரும். மீட்டுகோலின் இடைவிடாத விரைவாலும், அடுத்தடுத்த விசைகளை நூலிழை நேரத்தில் தொட்டு விலகும் விரல்களாலும் அந்த இழைவைத் தோற்றுவிப்பதே பென்ஜுக் கலைஞரின் தேர்ச்சியை அளக்கும் உரைகல்.

அத்தேர்ச்சியின் உச்சத்தைக் குவாதர் மாவட்டத்துப் பஸ்னி வட்டாரத்தைச் சேர்ந்த உஸ்தாத் நூர் பக்ஷிடம் கேட்கலாம். பலூச்சிப் பாடகர் சப்சல் சாமிக்குப் பல ஆண்டுகள் பக்கவாத்தியம் வாசித்த அவர், சூரிய ஒளித்தகட்டால் மின்னேற்றிய பாட்டரியில் இயங்கும் சிறிய ஒலிபெருக்கியோடு தம் பென்ஜுவை இணைத்து, சஹீரோக்கையும் இந்துஸ்தானி ராகங்களையும் ஒரே சரளத்துடன் வாசிப்பவர். மானுடவியல் ஆய்வாளரும் புல்லாங்குழல் கலைஞருமான தனியால் அகமதின் முயற்சியால் 2022இல் ‘ஜிங்குல்’ என்னும் இசைத்தொகுப்பு வெளிவந்தபோது நூர் பக்ஷ் எழுபது வயதைக் கடந்திருந்தார். சிறு பறவையொன்றின் பெயரே அத்தொகுப்பின் தலைப்பு. இத்தகைய கலைஞருக்கு முதல் தொகுப்பு வாய்ப்பதற்கு அத்தனை ஆண்டுகள் ஆனது வருந்தத்தக்கதே. அடுத்த ஆண்டு டென்மார்க்கின் ரோஸ்கில்டே இசைவிழாவில் அவர் வாசித்தார்.

ஜப்பானியக் கருவியின் நகல் என்று பென்ஜுவை ஒதுக்குவது பிழையாகும்: சஹீரோக்கைப் பாடத் தொடங்கிய நாளிலேயே அது பலூச் கருவியாகிவிட்டது.