பண்ணிசையும் மனத்துயரும்



தொண்டை நன்னாட்டின்கண் ஆவடியை அடுத்து விளங்குவது கோவில்பதாகை என்னும் ஊர். சுந்தரராசப் பெருமாள் கோயிலால் அறியப்படும் அவ்வூரினின்றும் கிழக்கு நோக்கிச் சில கல் தொலைவு செல்வார், வடதிருமுல்லைவாயில் என்னும் பாடல் பெற்ற பதியை அடைவர். ஆங்கு மாசிலாமணீசுவரர் கொடியிடைநாயகியம்மையோடு எழுந்தருளியிருக்கின்றார். தொண்டைமானது யானையின் காலை முல்லைக்கொடி சுற்றித் தடுத்ததும், கொடியை வெட்டிய வாள் இலிங்கத் திருமேனியிற் பட்டதும், அவ்வடுவின் பொருட்டு இன்றளவும் திருமேனி சந்தனக் காப்பினுள் மறைந்திருப்பதும், சித்திரைச் சதயத்தை ஒட்டி மட்டுமே அக்காப்புக் களையப்படுவதும் அன்பர் பலரும் அறிந்தனவே. ஆதலின் அவற்றை ஈண்டு விரித்திலம். இக்கட்டுரை கருதுவது அப்பதியில் எழுந்த ஒரு பதிகத்தையும், அது எழுந்த மனநிலையையும் பற்றியதாகும்.

இக்காலத்து மருத்துவர் சிலர், இசையையும் மனத்தை ஒருமுகப்படுத்தும் தியானத்தையும் ஒருங்கு சேர்த்து, காரணமற்ற அச்சத்தாலும் நீங்காச் சோர்வாலும் வருந்துவார்க்குத் துணையாக அளித்து வருகின்றனர். இது புதுவது புனைந்த முறையெனக் கூறப்படுதலைக் கேட்கும்போது, சைவர்க்கு நகை தோன்றுதல் இயல்பு. ஆயினும், ‘எல்லாம் நம்மிடம் முன்னரே உள்ளன’ என்று கூறி அமைதல் ஆராய்ச்சியாகாது. உள்ளது எது, இல்லாதது எது என்று வரையறுத்தலே முறை. அதற்கு நம்பியாரூரர் வரலாற்றினும் சிறந்த சான்று வேறில்லை.

திருவொற்றியூரில் மகிழின்கீழ்ச் சங்கிலியாரைப் பிரியேன் என ஆணையுரைத்த ஆரூரர், திருவாரூர் வசந்தவிழாவை நினைந்து ஆற்றாராய், ஒற்றியூர் எல்லையைக் கடந்தார்; கடந்த அப்பொழுதே இருகண்ணும் ஒளியிழந்தன. இச்செய்தியைச் சேக்கிழார் பெருமான், தடுத்தாட்கொண்ட புராணத்துக் கூறாது, ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்தினுள் வைத்தோதினார். சேக்கிழார் பிறந்த குன்றத்தூர் பூவிருந்தவல்லிக்கு அண்மையது. கண்ணிழந்த ஆரூரர் நடந்த வழி சேக்கிழாரது சொந்த நாட்டு வழியே. அப்பகுதியை ஓதுந்தோறும், அறிந்த நிலத்தை எழுதுவார்க்குரிய தெளிவு அதன்கண் எமக்குத் தோன்றுவதுண்டு.

ஆரூரர் அந்நிலையில் பாடிய பதிகங்களின் பண்களை வரிசைப்படுத்தி நோக்குதல் வேண்டும். கண்ணிழந்தவுடன் ஒற்றியூரைக் குறித்துப் பாடியது தக்கேசி. அடுத்து முல்லைவாயிலிற் பாடியதும் தக்கேசியே. திருவெண்பாக்கத்திற் பாடியது சீகாமரம். பழையனூர்த் திருவாலங்காட்டிற் பழம்பஞ்சுரம். காஞ்சித் திருவேகம்பத்தில் இடக்கண் பெற்றுப் பாடியது மீண்டும் தக்கேசி. திருத்துருத்தியில் உடற்பிணி நீங்கிப் பாடியது காந்தாரம். திருவாரூரில் வலக்கண் வேண்டிப் பாடியது செந்துருத்தி. தேவாரம் முழுதினும் செந்துருத்திப் பண்ணமைந்தது அவ்வொரு பதிகமே. இழந்த இடத்தும், இரந்த இடத்தும், ஒரு கண் பெற்ற இடத்தும் ஒரே பண் வருதல் நோக்கத்தக்கது. தக்கேசியை இக்காலத்தார் காம்போதி இராகத்திற் பாடுவர். காம்போதியின் கம்பீரத்தை அறிந்தோர், புலம்பலை அவ்விராகத்தில் அமைப்பது எங்ஙனம் என்று வியப்பர். முல்லைவாயிற் பதிகத்தை ஓதுவார் ஒருவர் வாயாற் கேட்டால் அவ்வியப்பு நீங்கும்.

இதனைக் கொண்டு, தக்கேசி கண்ணோய்க்கு மருந்து என்று முடிவு செய்வார் உளராயின், அவர் பிழைபட்டார். இன்ன இராகம் இன்ன நோயைத் தீர்க்கும் என்று அட்டவணை வகுத்து வெளியிடுவோர் இந்நாளிற் பெருகியுள்ளனர். தேவார வரலாறு அவர்க்குத் துணைபுரியாது. அப்பரடிகளின் சூலை நீங்கிய திருவதிகைப் பதிகம் கொல்லி. கொடிமாடச் செங்குன்றூரில் குளிர்சுரம் போக்கச் சம்பந்தர் அருளிய திருநீலகண்டப் பதிகம் வியாழக்குறிஞ்சி. திருப்பாச்சிலாச்சிராமத்தில் கொல்லி மழவன் மகளது முயலகன் நோய் தீர்த்த பதிகம் தக்கராகம். நோய்தோறும் பண் வேறாயிற்று என்பது மெய். ஆயின் அதே பண்களில் நோய்ப் பேச்சே இல்லாத பதிகங்களும் பல உள. திருக்கோலக்காவை ஆரூரர் மகிழ்ந்து பாடியதும் தக்கேசியே அன்றோ? ஆகலின் பண் தனித்து நின்று பயன் தருவதன்று. பண்ணும் சொல்லும் பாடுவாரது நினைவும் கூடிய விடத்தே பயன் விளைகின்றது.

இனி, முல்லைவாயிற் பதிகத்தின் அமைப்பைக் காண்போம். பத்துப் பாட்டின் இறுதியிலும், தாம் படும் துயரத்தைக் களைய வேண்டும் என்னும் ஒரே விண்ணப்பம், ஒரே விளியோடு வருகின்றது. இடையிலோ சொற்பொருள் அலைகின்றது. செல்வத்தைச் சொல்கின்றார், தாம் செய்த பிழையைச் சொல்கின்றார், சங்கிலியின் பொருட்டுத் தம் கண்ணைக் கொண்டமையை இறைவனிடமே கூறுகின்றார், பொழிலையும் வயலையும் பாடுகின்றார், தொண்டைமான் கதையைத் தொடுகின்றார். எங்கெங்குச் சென்றாலும் நாலடி முடிவதன்முன் மனம் அவ்விளிக்கே மீள்கின்றது. துயருற்ற மனம் அலைதல் இயற்கை. அதனை அலையாதே எனத் தடுத்தால் மிகும். அலைய விடுத்து, மீளும் இடம் ஒன்றைக் காட்டுதலே இப்பதிகத்தின் நெறி.

மேனாட்டில் 1979-ஆம் ஆண்டு மாசச்சூசெட்சுப் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில் சான் கபாட்-சின் என்பார் தொடங்கிய பயிற்சியும் இதனோடு ஒருபுடை ஒக்கும். மூச்சினை நோக்கியிருத்தல், மனம் அகன்றதை அறிதல், வெகுளாது மீண்டும் மூச்சிற்கே கொணர்தல் என்பன அதன் படிகள். பௌத்தர் பாலிமொழியிற் ‘சதி’ என வழங்கும் பயிற்சியினின்றும் அது வந்தது. (தமிழிலுள்ள சதியன்று, நினைவு என்பதே அதன் பொருள்.) நம் ஆசிரியர் பௌத்தரோடு நிகழ்த்திய வாதங்களை நினைந்து இதனைப் புறக்கணித்தல் வேண்டா. 2014-இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு, 47 சோதனைகளையும் 3515 பேரையும் உட்கொண்டு, இத்தகைய தியானத்தால் அச்சமும் சோர்வும் ஓரளவு தணிதல் உண்மை என்று கூறிற்று. ஓரளவு என்றமை கருதத்தக்கது. இசை மருத்துவத்தைப் பற்றி 2017-இல் வெளியான காக்ரேன் தொகுப்பும், 9 ஆய்வுகளையும் 421 பேரையும் ஆராய்ந்து, வழக்கமான மருத்துவத்தோடு இசையையும் சேர்த்தவிடத்துச் சோர்வு குறுகிய காலத்திற் குறைகின்றது என்றே உரைத்தது.

ஓதுதற்கும் மூச்சிற்கும் உள்ள தொடர்பினை இத்தாலிய மருத்துவர் பெர்னார்டியும் அவர்தம் குழுவினரும் 2001-இல் எழுதினர். நோயற்றார் 23 பேர், கிறித்தவர் செபமாலை மந்திரத்தையோ யோகிகளின் மந்திரத்தையோ ஓதியபோது, அவரது மூச்சு நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்தது. இதயத் துடிப்பின் ஏற்றத்தாழ்வும் அதனோடு இசைந்து ஒழுங்குற்றது. ஒரே தொடரை மீள மீளச் சொல்லுதல் மூச்சினை நீட்டுகின்றது என்பதே இதன் சாரம். விளம்ப காலத்தில் ஒரு பதிகத்தை நிறுத்தி ஓதுவார் எவரும் தம் மூச்சினிடத்து இதனைக் காணலாம். மூச்சினை அடக்கி மனத்தை நிறுத்தும் வழியைத் திருமூலர் விரித்தனர். ஓதுவார் அதனைப் பாட்டிலேயே பயில்கின்றனர்.

ஈண்டுச் சித்தாந்த நோக்கில் ஒரு வேறுபாடு கூறற்பாலது. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்புடையது. துயரை விலகி நின்று நோக்குக என்று மட்டும் கூறுமிடத்து, நோக்கும் உயிர்க்கு வேறு சார்பு காட்டப்படவில்லை. ஆழ்ந்த சோர்வுடையார் சிலர்க்கு இதனால் துயரின் வண்ணமே மிகுதலும் கூடும். சிவஞானபோதம் ஒன்பதாம் சூத்திரம், பாசத்தை விட்டு நீங்குமாறு கூறுங்கால், ஐந்தெழுத்தை விதிப்படி எண்ணுதலையும் உடன் வைத்தது இதனாற்போலும். விடுதற்கு ஒன்று உண்டெனின், பற்றுதற்கும் ஒன்று வேண்டும். முல்லைவாயிற் பதிகத்தில் துயரும் உள்ளது. துயரைக் கேட்பானும் உளன்.

இவ்விடத்து அன்பர்கள் பலர் விரைந்து கடந்து செல்லும் செய்தியொன்று உண்டு. முல்லைவாயிலிற் பாடினார், கண் வரவில்லை. பத்து முறை வேண்டியும் வரவில்லை. வெண்பாக்கத்தில் இறைவனை, கோயிலுள் உளீரோ என வினவினார். உள்ளோம், நீர் செல்லும் என்பது போன்ற அயலார் விடையும், ஓர் ஊன்றுகோலுமே கிடைத்தன. (அப்பழைய வெண்பாக்கத் தலம் 1944-இல் அமைந்த பூண்டி நீர்த்தேக்கத்துள் மூழ்கிவிட்டது, கோயில் பூண்டியில் எடுப்பிக்கப்பட்டுள்ளது.) காஞ்சியில் ஒரு கண், ஆரூரில் மறுகண். ஆரூர்ப் பதிகமோ வணக்கத்தினும் ஊடலே மிக்கது. இறைவனை நேர்நின்று கடிந்துரைக்கின்றது. பதிகம் ஓதினால் அன்றே துயர் நீங்கும் என்று துன்புற்றாரிடம் கூறுவோர், இவ்வரலாற்றை ஒருகால் ஓதிப் பார்த்தல் நன்று. முல்லைவாயிலில் ஆரூரர் பெற்றது கண்ணன்று. வெண்பாக்கம் வரை நடத்தற்கு வேண்டிய ஆற்றல்.

ஆதலின், உறக்கமும் உணவும் ஒழிந்து, உயிரையே வெறுக்கும் நிலையில் உள்ளாரைப் பதிகம் ஓதுக என்று கூறி வீட்டில் வைத்திருத்தல் சைவ அறமாகாது. சென்னையில் மனநோயாளர்க்கென 1794-இல் தோன்றி, 1871 முதல் கீழ்ப்பாக்கத்தில் நிலைபெற்ற மருத்துவமனை இன்றும் உள்ளது. ஆவடிப் பக்கத்தார்க்கு அது சேய்மைத்தன்று. கோயிலும் மருத்துவமும் பகையென்னும் எண்ணம் நம் முன்னோர்க்கு இல்லை. வீரராசேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடற் கல்வெட்டு, பெருமாள் கோயிலைச் சார்ந்து மாணாக்கர் பயிலும் கல்லூரியும், 15 கிடக்கைகள் கொண்ட ஆதுலர்சாலையும் நடைபெற்றதையும், அங்கு இருப்பில் வைத்த மருந்துகளின் பெயர்களையும் கூறுகின்றது.

பாடுவாரைப் பேணியதும் அத்தகைய அறமே. ஒன்பதாம் நூற்றாண்டினனான மூன்றாம் நந்திவர்மன் காலத்துத் திருவல்லக் கல்வெட்டில் திருப்பதியம் பாடுவார் குறிக்கப்படுகின்றனர். முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்யப் பிடாரர் 48 பேரையும், உடுக்கை வாசிப்பார் ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரையும் அமைத்து, ஒவ்வொருவர்க்கும் நாடோறும் முக்குறுணி நெல் வகுத்தான். திருவாமாத்தூர்க் கோயிலிலுள்ள சோழர் காலக் கல்வெட்டொன்று இவற்றினும் நம் பொருட்கு அணியது. ஆங்குத் திருப்பதியம் பாட அமர்த்தப் பெற்றோர் பதினாறு பேர். அப்பதினாறு பேரும் கண்ணிழந்தவர். அவரைக் கைப்பற்றி அழைத்துச் செல்லக் கண்காட்டுவார் இருவர்க்கும் உடன் நிவந்தம் எழுதப்பட்டிருக்கின்றது.