வடகரை வரலாறு – 17: இரண்டு கழிகளும் ஒரு பத்தாண்டும்

எண்ணூர் ஒரு காலத்தில் ஓய்வூராக இருந்தது என்றால், அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளே இன்று நம்ப மாட்டார்கள். ஆனால் சென்னைக் கோட்டையின் துரைமார் குடும்பங்கள் வெயிலுக்கும் ஊர்ப் புழுக்கத்துக்கும் தப்பி ஓடிய இடம் அதுதான். கிழக்கே கடல், மேற்கே கழி, நடுவில் ஒடுங்கிய மணல்மேடு. கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் அந்த முகத்துவாரத்தில் படகு விட்டார்கள், மீன் பிடித்தார்கள், மணலில் பங்களாக்கள் கட்டிக்கொண்டார்கள்.

சென்ற வாரம் 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தோடு நிறுத்தியிருந்தோம். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே வடக்கே போக நீர்வழி இருந்தது. பாசில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வணிகர் 1801இல் வெட்டத் தொடங்கிய உப்புநீர்க் கால்வாய், சில ஆண்டுகளிலேயே எண்ணூரைத் தொட்டது. 1837இல் அரசு அதைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினி கிடந்த மக்களைக் கொண்டு வெட்டி நீட்டியபின் அதற்கு ஆளுநர் பக்கிங்காமின் பெயர் வந்தது. விறகும் உப்பும் ஏற்றிய தோணிகளுக்கு நடுவேதான் உல்லாசப் படகுகளும் எண்ணூருக்குப் போயின.

விடுதலைக்குப் பிறகு வந்த முதல் தொழிற்சாலைகள் இந்தக் கழியைப் பெரிதாகத் தொடவில்லை. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. பிறகு அசோக் லேலண்ட் ஆகி லாரிக்கு மாறியது. 1955இல் பிறந்த என்ஃபீல்டு இந்தியா திருவொற்றியூரில் புல்லட் செய்தது. வடசென்னைக்காரர்களுக்குச் சோறும் சங்கமும் பெருமையும் தந்த ஆலைகள் இவை. இவற்றைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

கணக்கு மாறியது 1965க்கும் 1975க்கும் இடையில். மணலியில் எண்ணெய் சுத்திகரிக்க இந்திய அரசு, அமெரிக்காவின் அமோகோ, ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனம் மூன்றும் சேர்ந்து 1965 கடைசியில் மெட்ராஸ் ரிஃபைனரீஸை உருவாக்கின. 1969இல் ஆலை ஓடியது. அடுத்து உரத் தொழிற்சாலை. 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு மின்சாரம் தந்தது. 1975க்குள் ஐந்து அலகுகள், 450 மெகாவாட். இடத்தைத் தேர்ந்தவர்களுக்குக் காரணங்கள் கையில் இருந்தன. துறைமுகத்தில் இறங்கும் கச்சா எண்ணெயைக் குழாயில் மணலிக்குத் தள்ளலாம், நிலக்கரியை ரயிலில் எண்ணூருக்குக் கொண்டுவரலாம். கொதிகலனின் நீராவியைக் குளிர்விக்க உப்புநீர் வேண்டும். கழி பக்கத்திலேயே கிடந்தது. துரைமார் படகு விடத் தேடி வந்த அதே தண்ணீரை, ஒன்றரை நூற்றாண்டு கழித்துப் பொறியாளர்கள் வேறு வேலைக்குக் கண்டுபிடித்தார்கள். அதே சமயத்தில், 1960களின் நடுவிலும் 1976இலும் அடித்த புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. படகில் எண்ணூருக்குப் போகும் வழக்கத்தின் மிச்சமும் அதோடு போயிற்று.

இதே பத்தாண்டில் பாக் நீரிணைக்கு அப்பால் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். சென்னைக்கு வடக்கே எண்ணூர் எப்படியோ, கொழும்புக்கு வடக்கே நீர்கொழும்பு அப்படி. அங்கேயும் கடலும் கழியும். அங்கேயும் தலைநகரிலிருந்து வரும் பழைய கால்வாய், டச்சுக்காரர் பெயரைச் சுமப்பது. அங்கேயும் பரம்பரை மீனவர் ஊர்கள். 1966இல் இலங்கை அரசு சட்டம் போட்டுச் சுற்றுலாச் சபையை அமைத்தது. மறு ஆண்டே பத்தாண்டுத் திட்டம் ஒன்றும் தயாரானது. 1966இல் அந்த நாட்டுக்கு வந்த பயணிகள் 19 ஆயிரத்துக்கும் குறைவு. 1975இல் அந்த எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. 1982இல் நான்கு லட்சத்தை. கட்டுநாயக்கா விமான நிலையம் அருகிலேயே இருந்ததால், ஜெர்மனியிலிருந்தும் ஸ்வீடனிலிருந்தும் வந்திறங்கியவர்களுக்கு நீர்கொழும்பு முதல் கடற்கரையானது.

விடுதி எழுந்த கரையில் மீனவர்களுக்கு எல்லாம் நன்மையாகவே முடிந்தது என்று நான் சொல்லவில்லை. படகு ஏற்றும் மணலை அவர்களும் இழந்தார்கள். விடுமுறையை நம்பிய பொருளாதாரம் எவ்வளவு மெல்லியது என்பதை 1983 ஜூலைக் கலவரம் காட்டியது: தமிழர் வீடுகள் எரிந்த தீயின் செய்தி பரவியதும் பயணிகளின் வரவும் சரிந்தது. ஆனாலும் நீர்கொழும்புக் கழியில் தண்ணீர் தண்ணீராக இருந்தது. அதில் சாம்பல் படியவில்லை.

இவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் எண்ணூருக்கு ஓர் இரட்டைப் பிள்ளை இருக்கிறது. அதே பக்கிங்காம் கால்வாய், கடலுக்குத் திறந்து மூடும் அதே வகை முகத்துவாரம், சுற்றிலும் குப்பங்கள். மணலி ஆலைக்கு நிறுவனம் பதிவான மறு ஆண்டு, 1966இல், தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கே.சி.எஸ். பணிக்கர் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு மத்திய அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் வந்தது. 1971இல் மாநிலத்தின் கழகம். 1974இல் கோவளத்தில் கடற்கரை விடுதி, 1976இல் முதலைப் பண்ணை. 1984இல் மாமல்லபுரத்தை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற அதே ஆண்டில், முட்டுக்காட்டில் அரசின் படகுத் துறை திறந்தது.

எண்ணூரின் தண்ணீர் மோசம், முட்டுக்காட்டின் தண்ணீர் உயர்வு என்று இயற்கை பிரித்து வைக்கவில்லை. வடக்கு உழைக்கவும் தெற்கு ஓய்வெடுக்கவும் என்று அந்தப் பத்தாண்டில் கோப்புகளில் முடிவானது. யாரும் அதை அப்படி ஒரே வரியில் எழுதியிருக்க மாட்டார்கள். ஆனால் கையெழுத்துகளை ஆண்டுவாரியாக அடுக்கினால் அந்த வரி தெரிகிறது.

ஒரு முறை முடிவானது பிறகு தானாகவே வளர்ந்தது. 1990களில் வடசென்னை அனல்மின் நிலையம், 2001இல் எண்ணூர்த் துறைமுகம். சாம்பல் குழாய்கள் கசிந்து ஆற்றின் அடியை மேடாக்கின. 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோது, கரை ஒதுங்கிய எண்ணெயை ஆட்கள் வாளியில் அள்ளியதை நாடே பார்த்தது. அதே ஆண்டு மார்ச்சில் பழைய அனல்மின் நிலையம் மூடப்பட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடியும் எண்ணெய் கழிக்குள் வந்து, வலைகளிலும் படகுகளிலும் அலையாத்திச் செடிகளிலும் அப்பிக்கொண்டது.

இன்னமும் அந்தக் கழியில் மீன்பிடிப்பு நிற்கவில்லை. இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் இறங்கி, ஓலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் எடுக்கிறார்கள். எண்ணெய் வந்த நாள்களில் அந்தக் கைகள்தான் முதலில் கொப்பளித்தன.

கோடை விடுமுறையில் எண்ணூர், திருவொற்றியூர் பள்ளிப் பிள்ளைகளை வேனில் ஏற்றிச் சுற்றுலா கூட்டிப்போகிறார்கள். ஊர் முழுக்கக் குறுக்கே கடந்து, நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தெற்கே போய் முட்டுக்காட்டில் இறங்கி, டிக்கெட் வாங்கி, வரிசையில் நின்று, பக்கிங்காம் கால்வாய் வந்து சேரும் ஒரு கழியில் அவர்கள் படகு ஏறுகிறார்கள்.