தாவளம் முதல் லாரிக் கேபின் வரை: சேலம், நாமக்கல் சமவெளியின் வழித்தங்கல் வரலாறு

ஏற்காட்டுக்கும் கொல்லிமலைக்கும் மேட்டூர் நீர்த்தேக்கத்துக்கும் தனியாகக் காரில் வந்து, பகலில் மலையேறி, மாலையில் தூண்டில் போட்டு, இரவில் இருக்கையைச் சாய்த்துக் காரிலேயே உறங்கிவிட்டுப் போகும் பயணம் இன்று நகரத்து இளைஞர்களிடையே ஒரு விருப்பமாகப் பரவிவருகிறது. இதை மேல்நாட்டிலிருந்து வந்த புதுப்பழக்கம் என்று கருதுவோர் உண்டு. ஆனால் பொழுது சாய்ந்த இடத்தில் வண்டியை நிறுத்தி அதனடியிலோ அதனுள்ளேயோ படுத்தெழுவது, அதாவது வழித்தங்கல், சேலம், நாமக்கல் சமவெளிக்குப் பல நூற்றாண்டுப் பழக்கமாகும். இங்கே அது இன்பச் செலவாக அன்றிப் பிழைப்பாக வளர்ந்தது என்பதே வேறுபாடு. அந்தப் பிழைப்பின் வரலாற்றை அரசர்களின் போர்களைக் காட்டிலும் கற்களும் சத்திரங்களும் வண்டிப்பட்டறைகளுமே தெளிவாகக் காட்டுகின்றன.

நில அமைப்பே இதற்கு அடிப்படைக் காரணம். வடக்கே மைசூர்ப் பீடபூமியிலிருந்து இறங்கும் வழி தொப்பூர்க் கணவாய் வழியாகச் சேலத்தை அடைந்து, கிழக்கே சேர்வராயன் மலைக்கும் கொல்லிமலைக்கும், மேற்கே காவிரிக்கும் இடைப்பட்ட வெளியில் நாமக்கல் நோக்கிச் சென்று, காவிரியைக் கடந்து கரூரையும் மதுரையையும் தொடுகிறது. மேட்டு நிலத்தின் பண்டமும் கடற்கரையின் உப்பும் இந்த இடைவெளியில்தான் ஒன்றையொன்று கடந்து சென்றன. ஆற்றோரத்தை ஒட்டிய வாய்க்கால் பாசனப் பகுதி நீங்கலாக மற்ற நிலம் வானம் பார்த்த மானாவாரிக் காடாகவே இருந்தமையால், விதைப்புக்கும் அறுப்புக்கும் இடைப்பட்ட மாதங்களில் மாடும் வண்டியும் வைத்திருந்த குடியானவர் பாரம் ஏற்றப் புறப்படுவது இயல்பாயிற்று.

சங்கப் பாடல்களில் வரும் உமணர், அதாவது உப்பு வணிகர், இந்த வழித்தங்கலின் மிகப் பழைய சான்றாவர். அவர்கள் குடும்பத்தோடு வண்டித் தொடராகச் சென்று, வழியிலேயே கல்லடுப்புக் கூட்டிச் சமைத்து உண்டு உறங்கியவர்கள். சேலத்துக்கு வடக்கே உள்ள தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை ஆண்ட அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடும் புறநானூற்றின் 102ஆம் பாட்டில், ஔவையார் அவனை உமணர் தம் வண்டியின் அடிமரத்தில் கட்டிவைக்கும் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். சேம அச்சு என்பது ஓடுகின்ற அச்சு முறிந்தால் மாற்றிக்கொள்வதற்காக உடன்கொண்டு செல்லும் மாற்று அச்சாகும். பாரம் மிகுதி, பழகாத இளம் மாடுகள், மேடு பள்ளம் அறியாத வழி என்று பயணத்தின் இடர்கள் அனைத்தையும் ஒரு வண்டிக்காரனின் கண்ணோடு எண்ணிப் பார்த்த பின்பே அவ்வுவமை பிறந்திருக்கிறது. இன்று லாரியின் அடியில் மாட்டியிருக்கும் ஸ்டெப்னி டயர் செய்வதும் அதே வேலைதான். வழியில் தனித்து நிற்க நேருமென்ற அச்சமும் அதற்கான ஏற்பாடும் இத்தொழிலில் அன்றும் இன்றும் மாறவில்லை.

இடைக்காலத்தில் இவ்வழிகள் பெருவழி என்ற பெயரைப் பெற்றன. 1965 வரை சேலம் மாவட்டத்தோடு இணைந்திருந்த தருமபுரிப் பகுதியில், அதியமான் பெருவழி என்று பெயர் பொறித்த காதக் கற்கள் கிடைத்துள்ளன. காதக் கல் என்பது தொலைவைக் காதக் கணக்கில் சொல்லும் கல்லாகும். நாவற்றாவளம் என்னும் இடத்துக்கு ஒரு கல் 29 காதம் என்றும் மற்றொரு கல் 27 காதம் என்றும் கணக்குச் சொல்கின்றன. சேலம் மாவட்டத்தின் கிழக்கே, மகதை நாட்டுத் தலைநகராக விளங்கிய ஆறகழூரில், காஞ்சிபுரத்துக்கான தொலைவைக் குறிக்கும் மகதேசன் பெருவழிக் கல் கிடைத்திருக்கிறது. இத்தகைய கற்களில் எழுத்தோடு எண்ணைக் குறிக்கும் குழிகளும் வெட்டப்பட்டிருப்பது மிகவும் கருதத்தக்கது. எழுத்தறியாத வண்டிக்காரன், நிலவில்லாத இரவிலும் கல்லைக் கையால் தடவிக் குழிகளை எண்ணித் தான் நிற்கும் இடத்தை அறிந்துகொள்ள அவை உதவியிருக்கும். வழிப்போக்கனை மனத்தில் வைத்து வெட்டப்பட்ட கல்வெட்டு என்ற பெருமை இவற்றுக்கு உண்டு.

தாவளம் என்ற சொல்லும் நின்று பார்க்கத்தக்கது. வணிகச் சாத்து, அதாவது கூட்டமாகச் செல்லும் வணிகர் குழு, பண்டத்தை இறக்கி மாடுகளை அவிழ்த்துவிட்டுத் தங்கிய இடமே தாவளம். காதத்தின் அளவு இடத்துக்கு இடம் மாறினாலும் அதை ஏறத்தாழ 10 மைல் என்று கொள்ளும் வழக்கு பரவலானது. பாரவண்டி ஒரு நாளில் இரண்டு காதம் கடப்பதே அரிது. எனவே 29 காதம் என்ற கணக்கைப் படித்த வண்டிக்காரன் அதை குறைந்தது இரண்டு வார இரவுகளாகவே படித்திருப்பான். தொலைவைக் குறிக்கும் கல் தங்குமிடத்தின் பெயரால் அதைக் குறித்தது தற்செயலானது அன்று.

பிற்காலத்தில் தாவளத்தின் இடத்தைச் சத்திரமும் தண்ணீர்ப்பந்தலும் சுமைதாங்கியும் பங்கிட்டுக்கொண்டன. சுமைதாங்கி என்பது இரண்டு கற்களைத் தோளுயரத்துக்கு நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்காகக் கிடத்திய அமைப்பாகும். தலைச்சுமைக்காரன் பிறர் துணையின்றித் தானே சுமையை இறக்கவும் மீண்டும் ஏற்றிக்கொள்ளவும் அது பயன்பட்டது. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நடுவது தமிழ்நாடெங்கும் நிலவிய வழக்கம். இறக்கி வைக்க முடியாமற்போன அவளுடைய சுமையை ஊர் இவ்வாறு நினைவுகூர்ந்தது; தனியே நடந்துசெல்லும் முன்பின் அறியாத ஒருவனுக்கு அந்த நினைவு இளைப்பாறலாகப் பயன்பட்டது. நம் முன்னோர் செய்த அறங்களுள் இதைக் காட்டிலும் ஆழமானது அரிது.

மாட்டுவண்டிக் காலத்து இரவை விரித்துரைப்பது தகும். கோடையில் பகல் வெயிலுக்கு மாடு தாங்காது என்பதால் பாரவண்டிகள் பெரும்பாலும் பொழுது இறங்கிய பின்பே புறப்பட்டன. காவிரிக் கரையின் ஆலம்பாடி மாடும் காங்கேயம் மாடும் பாரம் இழுப்பதில் பெயர் பெற்றவை. பழகிய மாடுகள் முன்வண்டியின் தடம் பிடித்துத் தாமே நடக்கும் என்பதால், வண்டித் தொடரில் முதல் வண்டிக்காரன் விழித்திருக்க, பின்னால் வருவோர் மூட்டைகளின்மேல் படுத்துக் கண்ணயர்வது வழக்கம். அச்சுக்குக் கீழே அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டு வரும். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த வண்டி மை, கடையாணி, வடக்கயிறு, மாட்டுக்குத் தீனி, தனக்குக் கட்டுச்சோறு ஆகியவை இல்லாமல் எந்த வண்டியும் கிளம்பாது. நிறுத்துமிடத்தில் மாடுகளை அவிழ்த்துத் தண்ணீர் காட்டி, சக்கரத்தில் கட்டித் தீனி போட்ட பிறகே வண்டிக்காரன் அடியில் சாக்கை விரிப்பான். சந்தைக்குப் போன வண்டிகளுக்குச் சந்தைப்பேட்டையே படுக்கையறை.

வண்டி ஏற முடியாத இடத்தில் கால் தொடங்கியது. சங்க காலத்தில் வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையின் மிளகும் தேனும் பலாவும் சாமையும் தலைச்சுமையாகவே அடிவாரத்துக்கு இறங்கி, பேளுக்குறிச்சி போன்ற சந்தைகளை அடைந்தன. இன்று காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் சாலைக்கு முன்பு, மலைவாழ் மக்களும் அறப்பளீசுவரர் கோயிலுக்குச் செல்வோரும் செங்குத்தான ஒற்றையடித் தடங்களிலேயே ஏறி இறங்கினர். அக்கோயிலை ஒட்டி ஓடும் ஐயாற்றில் பிடித்து அறுத்துச் சமைக்கப்பட்ட மீன், துண்டுகள் ஒன்றுகூடி உயிர்பெற்று ஆற்றில் துள்ளியது என்பது தலபுராணச் செய்தி. அதனால் அங்குள்ள மீனைப் பிடிக்காமல், வழிபடுவதற்கு முன் அதற்கு உணவிடுவது மரபாயிற்று. மலையேறுவோன் தூண்டிலைக் கீழேயே விட்டுவர வேண்டிய ஆறு அது. ஏற்காட்டின் கதை வேறு. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பிப் பயிரைப் புகுத்திய பின் அம்மலை தோட்டங்களுக்கும் வெள்ளையரின் கோடை ஓய்வுக்கும் உரியதாயிற்று.

மீன் பிடிப்போரின் வழித்தங்கல் காவிரியில் இன்றும் காணக்கூடியது. மூங்கிலை வட்டமாகப் பின்னி, தோலோ தார்ச்சீலையோ போர்த்திய பரிசல், பாலங்கள் வருமுன் வழிப்போக்கரை அக்கரை சேர்த்தது. மீனவனுக்கு அதுவே ஓடமும் தொழிற்கருவியுமாயிற்று. ஒருவர் தனியாகத் தலையில் கவிழ்த்துத் தூக்கிச் செல்லும் அளவுக்கு அது இலேசானது. 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த மேட்டூர் அணை இந்த வாழ்க்கையைப் புரட்டிப்போட்டது. 120 அடி உயரத்துக்கு, 93.47 டி.எம்.சி. நீரைத் தேக்கும் அதன் நீர்ப்பரப்பில் பல ஊர்கள் மூழ்கின. நீர் வற்றும் ஆண்டுகளில் பண்ணவாடியில் சலகண்டேசுவரர் கோயில் நந்தி வெளிப்படும்போது மக்கள் திரண்டு சென்று பார்ப்பது அவ்விழப்பின் நினைவேயாகும். கடலிலிருந்து ஆற்றில் எதிரேறி வந்து முட்டையிடும் உல்லம் மீனின் வரத்து அணைக்குப் பின் காவிரியில் அருகியது. அதற்கு ஈடாக, ஆற்றுக்கு அயலான கட்லா, ரோகு குஞ்சுகள் விடப்பட்டு நீர்த்தேக்க மீன்பிடிப்பு என்னும் புதுத்தொழில் உண்டாயிற்று. நீர்மட்டம் ஏறி இறங்கும்போது கரையும் பல கல் தொலைவு இடம்பெயர்வதால், உரிமம் பெற்ற மீனவர் நீரின் விளிம்பைத் தொடர்ந்து குடிசையை மாற்றிக்கொண்டே செல்கின்றனர். மாலையில் வலையை விரித்துவிட்டுக் கரையில் படுப்பதும், விடியுமுன் பரிசலில் சென்று வலை எடுப்பதும் அவர்களுடைய நாள்முறை.

1860களில் சேலம் வழியாக இருப்புப்பாதை வந்ததும் நெடுந்தொலைவுப் பாரம் ரயிலுக்கு மாறி, மாட்டுவண்டி நிலையத்துக்கும் ஊருக்கும் இடைப்பட்ட ஓட்டத்தோடு நின்றது. வழித்தங்கல் மறுபடி பெருகியது லாரியால்தான். சேலத்தின் வெள்ளைக்கல்லும் ஜவ்வரிசியும், 1960களில் சங்ககிரியில் எழுந்த சிமெண்ட் ஆலையும், பின்னர் நாமக்கல் கோழிப்பண்ணைகளின் முட்டையும் லாரிக்குப் பாரம் தந்தன. மழை பொய்த்த நிலத்தை நம்ப இயலாத உழவர் குடும்பங்கள் நிலத்தை விற்றும், சீட்டுப் பணம் எடுத்தும், உறவினரோடு பங்கு சேர்ந்தும் ஒரு லாரி வாங்கின. கிளீனராகச் சேர்ந்தவர் ஓட்டுநராகி, ஓட்டுநர் உரிமையாளரானார். 1997இல் தனி மாவட்டத் தலைநகரான நாமக்கல், அதற்கு வெகு முன்பே லாரிக்கு ‘பாடி’ கட்டும் ஊராக இந்தியா முழுவதும் அறியப்பட்டிருந்தது.

பாடி கட்டுதல் என்பது, ஆலையிலிருந்து இயந்திரமும் இரும்புச் சட்டமும் மட்டுமாக வரும் சேசிஸின்மேல் ஓட்டுநர் அறையையும் பாரத்தொட்டியையும் அமைப்பதாகும். தச்சு, கொல்லு, வெல்டிங், வண்ணப்பூச்சு, மெத்தை வேலை ஆகிய அனைத்தும் ஒரு பட்டறையில் கூடுகின்றன. நாமக்கல் பட்டறைகள் ஓட்டுநர் அறையை உறங்கும் அறையாகவே கருதிக் கட்டின. இருக்கைக்குப் பின்னே ஒருவர் நீட்டிப் படுக்கும் பலகை, அதன்மேல் மெத்தை, தலைமாட்டில் துணிப்பைக்கும் சாமி படத்துக்கும் இடம், வெளியே அடிச்சட்டத்தில் அடுப்பும் பாத்திரமும் அரிசியும் வைக்க இரும்புப் பெட்டி என்று ஒவ்வொன்றும் மாதக்கணக்கில் வீடு திரும்பாத ஒருவரின் தேவையறிந்து செய்யப்பட்டது. நாக்பூருக்கு அப்பாலும் தன் ஊர்ச் சோற்றைத் தானே பொங்கி, வண்டியின் நிழலில் உட்கார்ந்து உண்ணும் நாமக்கல் ஓட்டுநர், உமணரின் நேர் வாரிசு என்பதில் ஐயமில்லை. இரவில் தார்ப்பாயைக் காக்க அதன்மேல் படுப்பது கிளீனரின் கடமை.

இன்னும் நெடிய வழித்தங்கல் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளுடையது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் இயந்திரம் பொருத்திய லாரியே ரிக். குழாய்களையும் ஆட்களையும் ஏற்றிய மற்றொரு லாரி அதன் பின்னால் செல்லும். கிணறு தோண்டத் தோண்ட நீர் கீழிறங்கிய வறண்ட மண்ணில் பிறந்த இத்தொழில், மராட்டியம், ராஜஸ்தான் என்று பரவி ஆப்பிரிக்க நாடுகள் வரை சென்றது. துளை போடும் வயலே அவர்களுடைய தாவளம்.

சட்டம் இவர்களை அறியாமல் இல்லை. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், இரவில் தங்க நேரும் இடங்களில் ஓய்வறை அமைப்பது முதலாளியின் கடமை என்று விதித்தது. ஆயினும் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கே அது பொருந்தியது. ஓரிரு லாரி மட்டும் வைத்திருப்போரே மிகுதியான இத்தொழிலில் பெரும்பாலோர் அதன் வெளியே நின்றனர். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரகச் சரக்கு லாரிகளின் ஓட்டுநர் அறையில் குளிர்சாதனம் இருக்க வேண்டும் என்ற மத்திய அரசின் விதி வரவேற்கத்தக்கது. ஆனால் அது வண்டிக்குள்ளிருக்கும் வசதி. வழியில் செய்ய வேண்டிய ஏற்பாடு அன்று. பெருவழிக் காலத்தில் வழிதான் வழிப்போக்கனைப் பார்த்துக்கொண்டது. இன்று வழிப்போக்கன் தன் தங்குமிடத்தையும் தானே சுமக்கிறான்.

தொப்பூர் முதல் பரமத்தி வரையுள்ள 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இரவுதோறும் ஓரங்கட்டி உறங்கும் ஓட்டுநர்களுக்கு, வெளிச்சமும் காவலும் குளிக்கத் தண்ணீரும் உள்ள தங்குமிடங்களைப் போதிய அளவில் அமைப்பது அரசின் கடமை. சாலை விரிவாக்கத்தில் பெயர்த்தெறியப்படும் சுமைதாங்கிகளும் காதக் கற்களும் தங்கள் ஊரில் எஞ்சியிருக்குமானால், அவற்றைக் குறித்து வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ அருகிலுள்ள அரசு அருங்காட்சியகத்துக்கோ வாசகர்கள் தெரிவிக்க வேண்டும்.