மகப்பேறும் நாகச்சத்தும்: ஒரு வரலாற்று நோக்கு

வாழைச்சேனையை உள்ளிட்ட மட்டக்களப்புப் பிரதேசத்தில், தமிழர் முஸ்லிம்கள் ஆகிய இரு சாராரிடையும் குடிமரபு தாய்வழியாகவே கணிக்கப்பட்டு வந்துள்ளது. மணமான ஆண் மனைவியின் மனையிற் சென்று வாழ்வதும் அங்குள்ள வழமையாகும். பெண்ணுக்கு இத்துணை இடமளித்த சமூகத்திலும் பிள்ளையின்மையின் பழி பெண்மீதே சுமத்தப்பட்டது. ‘மலடி’ என்னும் சொல் நாவிற் பழகிய அளவுக்கு ‘மலடன்’ என்பது பழகவில்லை. ஆணிடத்தும் குறை உண்டென்பதை மருத்துவம் அறிந்துகொண்ட வரலாறு ஈண்டு நோக்கற்பாலது.

1922ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஹேர்பேட் இவான்சும் கதரின் பிஷப்பும், எலிகளின் இனப்பெருக்கத்துக்கு இன்றியமையாத உணவுக் கூறொன்றைக் கண்டனர். அதுவே விற்றமின் ஈ. அஃதில்லாத உணவை உண்ட ஆண் எலிகளின் விதைகள் சிதைவதும், சிதைவு முற்றியபின் அவ்விற்றமினை அளித்தும் மீளாமையும் பின்னர் அறியப்பட்டன. 1961இல், இந்தியாவிற் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத், ஈரானின் ஷிராஸ் நகரிற் கண்ட இளைஞர்களைப் பற்றி எழுதினார். அவர்கள் வளர்ச்சி குன்றி, பருவமெய்தாதிருந்தனர். புளிக்காத கோதுமை ரொட்டியே அவர்தம் பிரதான உணவு. அதிலுள்ள பைற்றேற்று நாகம் உடலிற் சேர்வதைத் தடுத்தது. பின்னர் எகிப்தில் இத்தகையோருக்கு நாகம் அளிக்கப்பட்டபோது, அவர்கள் வளர்ந்து பருவமும் எய்தினர்.

இவ்விரண்டும் குறைபாட்டைப் பற்றிய உண்மைகளாகும். குறைவை நிரப்பினாற் பயனுண்டு என்பதிலிருந்து, நிறைந்ததன்மேற் பெய்தாலும் பயனுண்டு என்னும் முடிவு பெறப்படாது. எனினும், ஒட்சியேற்றம் விந்தணுவின் மென்சவ்வைச் சிதைக்கும் என்பதை ஆதாரமாகக் கொண்டு, நாகம், செலீனியம், விற்றமின் சீ, ஈ ஆகியன சேர்ந்த மாத்திரைகள் உலகெங்கும் பரவின.

அமெரிக்காவில் 2,370 தம்பதியரிடம் நிகழ்ந்த ஆய்வின் முடிவு 2020இல் வெளிவந்தது. ஆண்களுள் ஒரு பாதியினர் ஆறு மாதம் நாள்தோறும் 30 மில்லிகிராம் நாகமும் 5 மில்லிகிராம் போலிக்கமிலமும் உண்டனர். மறுபாதியினர் வெற்று மாத்திரை உண்டனர். பிள்ளை பெற்றோர் முறையே 34, 35 வீதத்தினர். மாத்திரையால் மகப்பேறு மிகவில்லை; வயிற்று உபாதையே மிகுந்தது.

களப்பின் நண்டிலும் மட்டியிலும் நாகம் இயல்பாகவே உண்டு. அவற்றை உண்பார்க்கு மாத்திரையினும் முதற்கண் வேண்டுவது விந்துப் பரிசோதனையாகும். நாளங்களின் வீக்கம், அடைப்பு, சுரப்புக் குறை என்பன மறைந்திருக்க, மாத்திரையை நம்பிக் கழியும் ஆண்டுகள் மனைவியின் வயதிலிருந்தே கழிகின்றன. மருத்துவமனை வாயிலில் கணவனும் மனைவியும் ஒருங்கே நிற்கும் நாளிலேதான் அப்பழைய பழிச்சொல் வழக்கொழியும்.