கோப்பிலிருந்து எழுந்து வந்தவர்கள்: ஆட்டிசம் என்னும் பெயரும் அதை ஏற்பதன் அரசியலும்

ஆட்டிசம் பற்றிய மருத்துவச் சொல்லாடலுக்குள் வளர்ந்த மனிதர்களுக்கு வெகுகாலம் இடம் இருந்ததில்லை. குழந்தை இருக்கும். அதன் தாய் இருப்பாள். குறிப்பெடுக்கும் மருத்துவர் இருப்பார். அந்தக் குழந்தைக்கு முப்பது வயதாகும்போது அது எங்கே இருக்கிறது, என்ன சொல்கிறது என்று கோப்பு கேட்காது. முப்பத்து நான்காவது வயதில் இந்தப் பெயரைப் பெற்றுக்கொண்டவன் நான். சொந்தக் கதை எழுதும் உத்தேசம் இல்லை. ஒரு பெயரை நமதென்று ஏற்கும்போது அதன் வரலாற்றிலிருந்து எதை ஏற்கிறோம், எதை மறுக்கிறோம் என்று பார்த்தாக வேண்டியிருக்கிறது.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். 'தான்' என்று பொருள்படும் கிரேக்க வேரிலிருந்து இதை உருவாக்கியவர் சுவிட்சர்லாந்தின் மனநல மருத்துவர் ஆய்கன் ப்ளாய்லர். 1911இல் வந்த அவரது நூலில் அது மனச்சிதைவின் ஓர் அறிகுறி, அவ்வளவுதான். 1925இல் மாஸ்கோவில் க்ரூன்யா சுகரேவா ஆறு சிறுவர்களைப் பற்றி எழுதியது இன்றைய வரையறைக்கு மிக நெருக்கமானது. மறு ஆண்டு ஜெர்மன் மொழியிலும் வந்தது. என்றாலும் அந்த யூதப் பெண் மருத்துவரை வரலாறு பல பத்தாண்டுகள் ஓரத்திலேயே வைத்திருந்தது. 1943இல் பால்டிமோரில் லியோ கேனர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் தொடக்கமாகக் கொண்டாடப்பட்டது. 1967இல் புருனோ பெட்டல்ஹெய்ம் பழியைத் தூக்கித் தாய்மார்களின் தலையில் போட்டார். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் ஆட்டிசம் தனி வகையாக ஏறியபோது அதன் பெயரே 'குழந்தைப்பருவ ஆட்டிசம்'. அந்த அடைமொழி உதிர 1987 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தன் 11 குழந்தைகளும் என்ன ஆனார்கள் என்று 1971இல் கேனர் எழுதினார். அரசு மருத்துவமனைகளில் அடைக்கப்பட்டவர்களுக்கு அது ஆயுள் தண்டனைக்குச் சமமாகிவிட்டது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அந்தப் பட்டியலின் முதல் பெயர் டொனால்ட் டிரிப்லெட். சிறுவயதில் ஒரு விடுதியில் விடப்பட்டவரைப் பெற்றோர் திரும்ப அழைத்துவந்தார்கள். மிசிசிப்பி மாநிலத்தில் தன் சொந்த ஊரில் வங்கி வேலை பார்த்து, கோல்ஃப் ஆடி, 2023இல் முதியவராக இறந்தார். அந்த வங்கி அவருடைய தாய்வழிக் குடும்பத்தினுடையது என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். பட்டியல் ஒன்றுதான். யார் ஊரோடு வாழ்ந்தார், யார் அடைபட்டார் என்பதைத் தீர்மானித்ததில் மூளைக்கு மட்டுமல்ல, சொத்துக்கும் பங்கிருக்கிறது.

வியன்னாவுக்கு வருவோம். 1944இல் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் எழுதிய கட்டுரை அங்கிருந்துதான் வந்தது. இந்தப் பையன்களிடம் தனித்த சிந்தனை உண்டு, சமூகத்துக்கு இவர்களால் பயன் உண்டு என்று வாதிட்டவர். நாஜிகளிடமிருந்து குழந்தைகளைக் காத்தவர் என்றே நெடுங்காலம் புகழப்பட்டார். 2018இல் ஹெர்விக் செக் என்ற வரலாற்றாசிரியர் ஆவணங்களை வெளிக்கொணர்ந்தார். மூன்று வயது நிரம்பாத ஒரு பெண்குழந்தையை 1941இல் ஷ்பீகல்குருண்ட் நிலையத்தில் நிரந்தரமாகச் சேர்க்கச் சொல்லிப் பரிந்துரைத்தவர் ஆஸ்பெர்கர். குழந்தை வீட்டிலிருந்தால் தாய்க்குத் தாங்க முடியாத சுமை என்பது அவர் சொன்ன காரணம். இரண்டு மாதம்போல ஆனதும் குழந்தை செத்துப்போயிற்று. 1940க்கும் 1945க்கும் இடையில் அந்த நிலையத்தில் 789 குழந்தைகள் இறந்தார்கள். பயன்படுகிறவன், சுமையாகிறவன் என்று பிரித்த கையும் 'இவனால் பயன் உண்டு' என்று எழுதிய கையும் ஒன்றே. ஆட்டிசத்தின் வரலாற்றில் இந்தக் கோடு இன்னும் அழியவில்லை.

கோட்டின் இந்தப் பக்கம் நிற்பவர்களுக்கு முதலில் பேச்சு கிடைத்தது. 1981இல் லண்டனில் லோர்னா விங், ஆஸ்பெர்கர் பெயரால் ஒரு கட்டுரை எழுதினார். அவர் விவரித்த 34 பேரில் 5 வயதுக் குழந்தையும் உண்டு, 35 வயதானவரும் உண்டு. கோப்புக்குள் வளர்ந்தவர்கள் நுழைந்தார்கள். விங் தானும் ஓர் ஆட்டிசக் குழந்தையின் தாய். 1986இல் டெம்பிள் கிராண்டின், 1992இல் டோனா வில்லியம்ஸ் எனத் தன்வரலாறுகள் வந்தன. 1993இல் டொரண்டோ மாநாட்டில், பெற்றோர்களை நோக்கி ஜிம் சின்க்ளேர் 'எங்களுக்காகத் துக்கம் காக்காதீர்கள்' என்று பேசினார். ஆட்டிசம் என்ற ஓட்டுக்குள் ஒரு 'சாதாரணக் குழந்தை' ஒளிந்திருக்கவில்லை. ஆட்டிசத்தைக் கழித்தால் மிஞ்சுவது வேறொரு ஆள் என்பது அவர் வாதம். மனிதர்களை வகைப்படுத்தினால் அவர்கள் அந்த வகையையே மாற்றிவிடுவார்கள் என்று இயன் ஹேக்கிங் சொன்னதற்கு இதைவிடத் துல்லியமான சாட்சி வேண்டியதில்லை. பொருளாகக் கிடந்தவர்கள் தன்னிலைகளாக எழுந்தார்கள்.

நம்ம ஊர் விஷயம் வேறு. மருத்துவம் வருவதற்கு முன்பே இங்கே பெயர்கள் இருந்தன. 'உம்மணாமூஞ்சி', 'திமிரு புடிச்சவன்', 'ஒரு மாதிரி'. எல்லாம் ஒழுக்கத் தீர்ப்புகள். இவற்றைச் சுமந்துதான் நான் எம்.ஏ. தமிழ் படித்தேன், எழுத வந்தேன். பெயர் தேடிப் போன இடத்தில் முதலில் பார்த்த மருத்துவர், "எம்.ஏ. படிச்சிருக்கீங்க, கட்டுரையெல்லாம் எழுதுறீங்க, உங்களுக்கெப்படி இது இருக்கும்?" என்றார். வியன்னாக் கோடுதான். சிறுவயது பற்றி அம்மாவைக் கேட்டார்கள். "மூணு புள்ளைய வளத்ததுல யாரு எப்பப் பேசுனான்னு கண்டேனா?" என்றாள் அம்மா. கண்ணைப் பார்த்துப் பேசாதது ஓர் அறிகுறி என்கிறது கையேடு. பெரியவர்கள் முன் கண்ணைத் தாழ்த்துவது மரியாதை என்கிறது வீடு. ஆதிக்க சாதிக்காரன் முன் தாழ்த்தாத கண் திமிர் என்கிறது தெரு. எந்தக் கண்ணை எங்கே அளப்பது? அறிகுறி என்பதே ஒரு பண்பாட்டின் இலக்கணம் என்று இங்கே பட்டவர்த்தனமாகத் தெரிகிறது.

அரசின் தமிழையும் பார்க்கலாம். 'மதியிறுக்கம்' என்கிறார்கள். அதோடு விடாமல் 'புற உலகச் சிந்தனையற்ற' என்ற அடைமொழியையும் ஒட்டுகிறார்கள். எனக்குப் புறவுலகம் இல்லாமல் போனதே கிடையாது. டியூப்லைட்டின் ரீங்காரம், பக்கத்து மேசைப் பேச்சு, சட்டைக் காலரின் உரசல் எல்லாம் ஒரே சமயத்தில் உள்ளே வருகின்றன. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குப் புரியாததைப் பார்க்கப்படுபவனின் குறையாக எழுதிவைக்கிறது மொழி. டேமியன் மில்டன் என்ற ஆட்டிச சமூகவியலாளர் 2012இல் இதைத்தான் தலைகீழாக்கினார். புரியாமை இரு தரப்புக்கும் உரியது. ஒரு தரப்பை மட்டும் நோயாளி ஆக்குவது அதிகாரம் என்றார்.

2013இல் 'ஆஸ்பெர்கர்' என்ற பெயர் அமெரிக்கக் கையேட்டிலிருந்து நீக்கப்பட்டு எல்லாம் ஒரே நிறமாலைக்குள் வந்தன. நல்லதுதான். உடனே மூன்று நிலைகள் என்று புதிய படிக்கட்டு கட்டப்பட்டது. 1995ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தில் ஆட்டிசமே கிடையாது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளில் ஒன்றாக அதைச் சேர்த்தது. இடஒதுக்கீடு வேண்டுமென்றால் 40 சதவீதம் என்று சான்று வேண்டும். பேசவும் எழுதவும் தெரிந்த என்னிடம் 'நீ போதாது' என்கிறது படிக்கட்டு. பேசாத இன்னொருவரிடம் 'நீ அதிகம்' என்கிறது.

ஆகவே வளர்ந்த பிறகு இந்தப் பெயரை ஏற்பது இரண்டு விதமாக நடக்கலாம். 'நான் வித்தியாசமான மூளை, ஆனால் அவர்களைப் போல இல்லை' என்று ஏற்கலாம். சந்தைக்கு அது பிடிக்கும். கணினி நிறுவனங்களுக்குப் பயன்படும். அது ஆஸ்பெர்கரின் நற்சான்றிதழைத் திரும்ப வாங்கிக்கொள்வது. நான் ஏற்பது மற்றதை. நம் தெருக்களில் எத்தனையோ வீடுகளின் பின்கட்டில், விருந்தாளி வந்தால் கதவடைக்கப்படும் முப்பது வயதுக்காரர் ஒருவர் இருக்கிறார். அவருக்கும் எனக்கும் பெயர் ஒன்றே. அவருக்குப் பதிலாகப் பேச எனக்கு உரிமையில்லை. அவரை விட்டு விலகிப் பேசவும் உரிமையில்லை.

இதைப் படிக்கும் தோழர்களிடம் கேட்க வேண்டியதும் ஒன்றிருக்கிறது. நம் கூட்டங்களில் யார் உரக்கப் பேசுகிறாரோ அவரே தீவிரமானவர். விவாதத்தில் சட்டென்று பதில் சொல்லாதவருக்கு அர்ப்பணிப்பு இல்லை என்று தீர்ப்பு. எழுதித் தருகிறேன் என்பவருக்கு, முன்கூட்டியே கேள்விகளைக் கொடுங்கள் என்பவருக்கு, நடுவில் எழுந்து வெளியே போய் வருகிறவருக்கு நம் அமைப்புகளில் என்ன இடம்? மருத்துவமனையின் கோப்பை விமர்சிப்பது சுலபம். நம் கூட்ட அறையின் விதிகளை மாற்றுவதற்கு யார் முன்மொழியப் போகிறோம்?