ஷெரிஃபின் குத்தகை: ஒரு கையில் ஜெயில், ஒரு கையில் பள்ளிக்கூடம்

ஷெரிஃப்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? தொப்பி, நட்சத்திர பேட்ஜ், குதிரை. இல்லைன்னா ராபின் ஹூட் கதையில் வரும் நாட்டிங்ஹாம் ஷெரிஃப். நம்ம சென்னையிலும் ஒரு காலத்தில் ஷெரிஃப் இருந்தார். வெறும் கௌரவப் பதவி.

அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே இன்றும் சுமார் 3,000 ஷெரிஃப்கள் இருக்கிறார்கள். கவுன்ட்டிக்கு ஒருத்தர். கவுன்ட்டின்னா நம்ம மாவட்டம் மாதிரின்னு வச்சுக்கோங்க. பெரும்பாலான இடங்களில் கவுன்ட்டி ஜெயில் இவர் பொறுப்பு. கைதிக்குச் சாப்பாடு போடுவதும் இவர் ஆபீஸ்தான். பல ஊர்களில் பள்ளிக்கூடத்தில் துப்பாக்கியோடு காவல் நிற்பதும் இவருடைய ஆள்தான். கைதிகள், பள்ளிப் பிள்ளைகள் என்று இரண்டு தரப்பும் ஒரே ஆபீஸின் கையில். அந்த ஆபீஸ் யாருக்குப் பதில் சொல்லணும்? இந்த எபிசோடின் கேள்வி அதுதான்.

கொஞ்சம் பின்னாடி போவோம். இங்கிலாந்தில் 'ஷயர்' என்றால் ஒரு வட்டாரம். 'ரீவ்' என்றால் அதிகாரி. ரெண்டும் சேர்ந்து தேய்ந்துதான் 'ஷெரிஃப்' ஆனது. ராஜாவுக்கு அந்த வட்டாரத்து வருமானத்தை வசூலித்துத் தருவது அவர் வேலை. அது ஒரு குத்தகை முறை. ராஜாவுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை நிர்ணயம் ஆகியிருக்கும். அதைக் கட்டிவிட்டால் மிச்சம் ஷெரிஃபுக்கு. அப்படின்னா எப்படி வசூல் பண்ணியிருப்பாங்கன்னு சொல்லணுமா என்ன? புகார்கள் குவிந்து, 1170-ல் இரண்டாம் ஹென்றி விசாரணை வைத்து, பெரும்பாலான ஷெரிஃப்களை வீட்டுக்கு அனுப்பினார். 1215-ன் மாக்னா கார்ட்டாவில், சம்மதம் இல்லாமல் யாருடைய குதிரையையோ வண்டியையோ ஷெரிஃப் எடுக்கக் கூடாது என்று ஒரு ஷரத்தே இருக்கிறது.

குடியேறிகள் இந்தப் பதவியைக் கப்பலில் கூடவே அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். போன இடத்தில் ஒரு பெரிய மாற்றம்: ராஜா நியமித்த ஆள், மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆள் ஆனார். ஆனால் அந்தக் 'மிச்சம் எனக்கு' பழக்கம்? அது அவ்வளவு சீக்கிரம் போகலை.

அலபாமா மாநிலம். 1930-களின் சட்டம் ஒன்று. கைதிகளின் சாப்பாட்டுக்கு அரசு ஷெரிஃபிடம் பணம் கொடுக்கும். ஒரு கைதிக்கு ஒரு நாளைக்கு 1.75 டாலர். செலவு போக மிஞ்சுவதை ஷெரிஃப் தானே வைத்துக்கொள்ளலாம் என்றுதான் அந்தச் சட்டத்துக்குப் பல காலம் அர்த்தம் சொல்லி வந்தார்கள். ஹாஸ்டல்ல இருந்தவங்களுக்கு இது உடனே புரியும். மெஸ் காசில் மிச்சம் பிடிப்பது வார்டன் பாக்கெட்டுக்கே போகும்னா, சாம்பார் எப்படி இருக்கும்?

மார்கன் கவுன்ட்டியில் அப்படித்தான் இருந்தது. கார்ன் டாக் என்று ஒன்று, மக்காச்சோள மாவில் முக்கிப் பொரித்த சாசேஜ். ஒரு லாரி லோடு மலிவாகக் கிடைத்தது என்று, வாரக்கணக்கில் கைதிகளுக்கு அதையே போட்டார்கள். மூன்று வருஷத்தில் அந்த ஷெரிஃப் வீட்டுக்கு எடுத்துப்போனது சுமார் 2,12,000 டாலர். ஒழுங்காகச் சாப்பாடு போடுவதாக ஏற்கெனவே கோர்ட் உத்தரவு இருந்தது. அதை மீறியதற்காக, 2009 ஜனவரியில் ஃபெடரல் நீதிபதி யூ. டபிள்யூ. கிளெமன், ஷெரிஃபையே ஒரு ராத்திரி உள்ளே வைத்தார்!

அதோடு முடிஞ்சுதா? இல்லை. 2018-ல் அதே மாநிலத்தின் எட்டோவா கவுன்ட்டி ஷெரிஃப், சாப்பாட்டுப் பணத்திலிருந்து மூன்று வருஷத்தில் 7,50,000 டாலருக்கு மேல் எடுத்துக்கொண்டதை ஒரு பத்திரிகையாளர் வெளியே கொண்டுவந்தார். 7,40,000 டாலருக்கு அவர் கடற்கரை வீடு வாங்கியதும் வெளியே வந்தது. சட்டப்படிதான் செய்தேன் என்றார் ஷெரிஃப். அந்த வருஷமே கட்சிக்குள் நடந்த தேர்தலில் தோற்றார். 2019-ல் சட்டமும் மாறியது. சாப்பாட்டுப் பணத்துக்குத் தனிக் கணக்கு வந்தது. 12-ஆம் நூற்றாண்டுக் குத்தகை 21-ஆம் நூற்றாண்டில்தான் அங்கே முடிந்தது.

சரி, இப்போ பள்ளிக்கூடத்துக்கு வருவோம். பள்ளியில் போலீஸ் என்ற யோசனை 1950-களில் மிச்சிகனின் ஃபிளின்ட் நகரத்தில் தொடங்கியது. 1999-ல் கொலராடோவின் கொலம்பைன் பள்ளியில் 13 பேர் கொல்லப்பட்ட பிறகு, ஃபெடரல் பணம் கொட்டி நாடெங்கும் பரவியது. இத்தனைக்கும் அன்று கொலம்பைன் பள்ளிக்கே ஒரு ஷெரிஃப் டெபுட்டி காவலுக்கு இருந்தார்.

2018 பிப்ரவரி 14. ஃப்ளோரிடாவின் பார்க்லாண்ட். பள்ளிக்குள் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். காவலுக்கு இருந்த பிராவர்ட் கவுன்ட்டி ஷெரிஃப் டெபுட்டி வெளியிலேயே நின்றார். உயிர் தப்பிய மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். அந்த டிசம்பரில் ஃபெடரல் கோர்ட் சொன்ன பதில்தான் இந்தக் கதையிலேயே என்னைத் தூங்கவிடாத விஷயம். மாணவர்கள் அரசின் காவலில் அடைக்கப்பட்டவர்கள் இல்லை. அதனால் அவர்களைக் காப்பாற்றும் அரசியல் சட்டக் கடமை அந்த அதிகாரிக்கு இல்லை. அந்த டெபுட்டி மேல் தனியாகக் கிரிமினல் வழக்கும் நடந்தது. 2023-ல் அதிலும் விடுதலை.

கவனிச்சீங்களா? அடைத்து வைத்தவரைப் பட்டினி போடக் கூடாது, வைத்தியம் மறுக்கக் கூடாது என்று அமெரிக்க அரசியல் சட்டத்தைக் காட்டிக் கேட்கலாம். 1976-லேயே சுப்ரீம் கோர்ட் கைதிகளின் வைத்தியம் பற்றித் தீர்ப்பு சொல்லிவிட்டது. அதே ஷெரிஃபின் ஆளை நம்பி வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்தப் பிடி கிடையாது.

அப்போ மிஞ்சுவது தேர்தல். ஆனால் பிள்ளைகளுக்கு ஓட்டு இல்லை. கவுன்ட்டி ஜெயிலில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் இன்னும் தண்டிக்கப்படாதவர்கள், ஜாமீன் கட்ட வழியில்லாதவர்களும் அதில் நிறைய. சட்டப்படி பலருக்கு ஓட்டு உண்டு. ஆனால் ஜெயிலுக்குள் இருந்து ஓட்டுப் போடுவது லேசில்லை. ஷெரிஃபின் கையில் முழுசாக இருக்கும் இந்த ரெண்டு கூட்டத்துக்காகவும் வேறு யாராவதுதான் கேட்க வேண்டியிருக்கிறது. பார்க்லாண்டில் பெற்றோர் கேட்டார்கள், 2019-ல் கவர்னர் அந்த ஷெரிஃபைப் பதவியிலிருந்து இறக்கினார். அலபாமாவில் ஒரு நிருபர் கேட்டார், ஒரு நீதிபதி கேட்டார்.

கணக்குக் கேட்க ஆள் இல்லாத இடத்தில், மிச்சம் எப்பவும் குத்தகைக்காரருக்குத்தான். அது ராஜா காலமா இருந்தா என்ன, ஓட்டு காலமா இருந்தா என்ன. யோசிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.